ஈரத்துணிப் பை

குவாங்ஜு
ஏப்ரல் 13, சனிக்கிழமை

உன்சில் அவர்களுக்கு,

நாரேயின் அம்மா ரான்ஹீ எழுதுகிறேன். என் முன்னாள் கணவர் சாங்கூவைக் கட்டிக்கொண்டவர் என்ற முறையில் உங்களை நலம் விசாரிக்க வேண்டும். விசாரித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதம் ஏன் ஈரத்துணிப் பைக்குள் இருக்கிறது என்று கேட்பீர்கள். போனில் எழுதினால் சாங்கூ எட்டிப் பார்ப்பார். நாரே கையில் கொடுத்தால் பஸ்ஸிலேயே தொலைத்துவிடுவாள். போன மாதம் உங்கள் வீட்டிலிருந்து ஒற்றைச் செருப்போடு வந்து இறங்கியவள் அவள். இந்தப் பையை மட்டும் சாங்கூ தொட மாட்டார். என்னோடு குடித்தனம் செய்த காலம் முழுக்கத் தொட்டதில்லை.

நாரே ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை அங்கே வந்து ஓர் இரவு தங்குகிறாள். ஒவ்வொரு முறையும் ரப்பர் விரிப்பு, மாற்றுப் போர்வை, உள்ளாடை எல்லாம் மடித்து வைத்து அனுப்புகிறேன். போன இரண்டு முறையும் நான் மடித்த மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தன. ஒன்பது வயதுப் பெண். என் வீட்டில் நனைக்காத இரவு அபூர்வம். ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளுக்கு இது அதிகம்தான், சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை, திட்டாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். பகலெல்லாம் ஓடுகிற பிள்ளை ராத்திரி அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறது. உள்ளே நிறைந்தது அதற்குத் தெரிவதில்லை. ஈரம் பட்டால் அலறும் மணி ஒன்று வாங்கி மாட்டினேன். கீழ்வீட்டுக்காரர் எழுந்து வந்து கதவைத் தட்டினார். இவள் எழவில்லை.

உங்கள் வீட்டில் மட்டும் எப்படி? உள்ளதைச் சொல்லுங்கள்.

ரான்ஹீ


மொக்போ
ஏப்ரல் 14, ஞாயிறு

நாரே அம்மாவுக்கு,

அன்பான வணக்கம். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் பயந்துதான் போனேன். இரண்டு முறை படித்த பிறகு பயம் கொஞ்சம் குறைந்தது. உங்களை அக்கா என்று எழுதலாமா?

நான் எதையும் மறைக்கவில்லை. முதல் முறை வந்தபோது மட்டும் நனைந்தது. அந்தப் போர்வையை நானே துவைத்து அனுப்பினேன், நினைவிருக்கும். அதன்பிறகு ஒரு தடவைகூட இல்லை. மாலை ஆறு மணிக்கு மேல் வாற்கோதுமைத் தண்ணீர் கொடுப்பதில்லை. படுக்குமுன் இரண்டு தடவை போகச் சொல்வேன். அவ்வளவுதான் நான் செய்வது. பிள்ளை பெறாத என் கைக்கு இது வாய்த்ததே என்று, மன்னியுங்கள் அக்கா, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இன்று காலை அவளுக்கு மீன்முள் பின்னல் போட்டுவிட்டேன். அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நான் படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவள், வரிசையில் நிற்கும் பெரியவர்கள்கூட அவ்வளவு பொறுமையாக நிற்பதில்லை.

அன்புடன்
உன்சில்


குவாங்ஜு
ஏப்ரல் 27, சனிக்கிழமை

உன்சில் அவர்களுக்கு,

அக்கா வேண்டாம். நாரே உங்களைச் சித்தி என்கிறாள். சித்தி என்றால் என் தங்கை என்று அர்த்தம். எனக்குத் தங்கை பிறந்ததை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

நீங்கள் எழுதியதை எல்லாம் செய்தேன். ஆறு மணி என்றீர்கள், நான் ஐந்து மணிக்கே தண்ணீரை நிறுத்தினேன். இரண்டு தடவை என்றீர்கள், மூன்று தடவை அனுப்பினேன். எல்லா நாளும் நனைத்தாள். அதிலும் உங்கள் வீட்டிலிருந்து வருகிற ஞாயிறு ராத்திரி இருக்கிறதே, மெத்தையைத் தாண்டித் தரைக்கு வந்துவிடுகிறது. பழி தீர்க்கிற மாதிரி.

அந்தப் பின்னலை நான் அவிழ்க்கவில்லை. அவளே அவிழ்க்க விடவில்லை. என்னிடம் தலைவாரப் பிடித்து உட்காரவைத்தால் மூன்றாவது இழுப்பில் எழுந்து ஜன்னலுக்கு ஓடுகிறவள், உங்களிடம் அரை மணி நேரம் உட்கார்ந்தாளாம். அவள் துணியில் உங்கள் வீட்டுச் சோப்புத் தூளின் பீச் பழ வாசனை வருகிறது. நான் இரண்டு முறை அலசினேன், போகவில்லை. நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். நாளெல்லாம் பிரேக் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கத் தெரியும். இந்த விஷயத்தில் அது வரவில்லை. எனக்குப் பொறாமையாக இருக்கிறது. உங்களுக்கும் தெரியட்டும்.

ரான்ஹீ


மொக்போ
ஏப்ரல் 28, ஞாயிறு

நாரே அம்மாவுக்கு,

இந்த முறையும் நனையவில்லை. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

சாங்கூ இந்த வாரம் உங்களுக்குப் போன் செய்வார். நான் சொல்லி அவர் செய்யவில்லை. தயவுசெய்து அப்படி நினைத்துவிடாதீர்கள்.

உன்சில்


குவாங்ஜு
மே 11, சனிக்கிழமை

உன்சில் அவர்களுக்கு,

போன் வந்தது. உங்கள் கணவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், வீட்டில் இருந்தபடியே கேட்டிருப்பீர்கள், இருந்தாலும் படியுங்கள்.

"ரான்ஹீ, இங்க நனைக்கல, அங்க நனைக்கிறா. அப்போ கோளாறு பிள்ளைகிட்டயா, உன்கிட்டயா? கோடை லீவு முடிஞ்சதும் இங்கயே பள்ளிக்கூடத்துல சேர்த்துடறேன். உன்சிலுக்கும் ஆசையாத்தான் இருக்கு."

உங்களுக்கும் ஆசையாம். ஏன் இருக்காது? காலையில் மாத்திரையை நாக்கடியில் ஒளித்துவைத்துத் துப்புகிற பிள்ளையை நான் பார்த்துக்கொண்டேன். மூன்று பள்ளிக்கூட வாத்தியார்களிடம் நான் தலைகுனிந்து நின்றேன். விடிகாலையில் மெத்தை சுமந்து என் இடுப்பு போனது. இப்போது காய்ந்த படுக்கையும் பின்னல் சடையுமாகத் தயாராக இருக்கிற பிள்ளையை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம், இல்லையா? என் புருஷனை எடுத்துக்கொண்டபோது எனக்கு இவ்வளவு எரியவில்லை. அது நான் வேண்டாம் என்று வைத்த பொருள். இது அப்படி இல்லை.

நாரேயிடம் கேட்டேன், சித்தி வீடு எப்படி என்று. "நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா அங்க ராத்திரி ரொம்ப நீளம்" என்றாள். உங்கள் ஊரில் ராத்திரிகூட தாராளம் போலிருக்கிறது. இங்கே எல்லாமே குறைச்சல்தான்.

பிள்ளையைக் கேட்டு அவர் நீதிமன்றம் போனால் நானும் வருவேன். சாங்கூவிடம் சொல்லிவிடுங்கள்.

ரான்ஹீ


மொக்போ
மே 12, ஞாயிறு

நாரே அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை நேற்று பகலிலேயே படித்துவிட்டேன். அதில் அவள் சொன்ன ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. ராத்திரி நீளம் என்று ஒரு பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அதனால் எழுந்துபோய்ப் பார்த்தேன். படுக்கையில் அவள் இல்லை. குளியலறையில், துணி துவைக்கும் குட்டை ஸ்டூலில், சுவரில் சாயாமல் உட்கார்ந்திருந்தாள். கால்களை ஈரத் தரையில் வைத்திருந்தாள். தலை சரியும்போதெல்லாம் தன் தொடையைத் தானே கிள்ளிக்கொண்டாள்.

"ஏன்டா கண்ணு, தூங்கலையா?"

"தூங்கினா நனைஞ்சிடும் சித்தி. நனைஞ்சா உப்பு கேக்கப் போகணும்ல. பரவால்ல, நாளைக்கு அம்மா வீட்டுல போய்த் தூங்கிக்குவேன்."

உங்களுக்கு நான் எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். அவள் நனைத்த அந்த முதல் நாள் காலை, சாங்கூ எங்கள் தெருமுனை மதுக்கடைச் சுவரில் அலங்காரத்துக்கு மாட்டியிருந்த முறத்தைக் கேட்டு வாங்கி வந்தார். அதை அவள் தலையில் கவிழ்த்து, கையில் கிண்ணம் கொடுத்து, அந்தக் காலத்தில் படுக்கை நனைத்த பிள்ளைகளை அனுப்புவார்களே, அப்படியே மேல்வீட்டுக்கு உப்பு வாங்க அனுப்பினார். "எங்கப்பா என்னை ஒரே ஒரு தடவைதான் அனுப்பினாரு. அதோட நின்னுச்சு" என்றார். மேல்வீட்டம்மாவும் வழக்கப்படி கரண்டியால் முறத்தைத் தட்டி, "இனிமே நனைப்பியா, நனைப்பியா?" என்று கேட்டு உப்பு போட்டார். லிப்டில் இருந்த பிள்ளைகள் பார்த்தார்கள். நாரேயும் சிரித்தாள். அவள் சிரிக்கிறாளே என்று நானும் சிரித்தேன்.

அவள் இங்கே காய்ந்த படுக்கையில் படுக்கவில்லை அக்கா. படுக்கவே இல்லை. நான் பின்னல் போட்டபோது அசையாமல் இருந்தது என் கைராசியால் இல்லை, உட்கார்ந்தபடி தூங்கியிருக்கிறாள். ஞாயிறு ராத்திரி உங்கள் வீட்டில் தரைவரை நனைவதும் பழி இல்லை. தூங்கக் கிடைத்த இடத்தில் தூங்குகிறாள்.

இதை எழுதாமல் விட்டிருந்தால் ஆகஸ்டில் அவள் இங்கே வந்திருப்பாள். எனக்கு ஆசைதான், சாங்கூ சொன்னது பொய்யில்லை. நேற்று அவளைத் தூக்கிவந்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு, "தூங்கு, நான் பார்த்துக்கிறேன்" என்று விடியும்வரை சொன்னேன். நம்பவில்லை. உங்கள் வீட்டில் யாரும் சொல்லாமலே தூங்குகிறாள். இப்போது எனக்குத்தான் உங்களைப் பார்த்துப் பொறாமை.

உன்சில்


குவாங்ஜு
மே 25, சனிக்கிழமை

உன்சில் அவர்களுக்கு,

இன்று அவளை அனுப்புவதாகவே இல்லை. பையைக் கட்டினேன், அவிழ்த்தேன். அவள்தான், "சித்தி கப்பல் பாக்கக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். இரண்டு செருப்பும் இருந்தது.

டாக்டரிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை, வந்தது. தூக்கம் கெட்டால் இந்தப் பிள்ளைகளுக்குப் பகல் இன்னும் கெடும், தண்ணீரையும் இப்படி ஐந்து மணிக்கே பூட்டிவைக்காமல் பகலில் நன்றாகக் குடிக்கவிடுங்கள் என்று எனக்கும் சேர்த்துக் கொடுத்தார்.

நீங்கள் சொல்லாமல் இருந்திருக்கலாம். உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று நினைத்துப் பார்த்தேன். பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த முறம் இன்னும் வீட்டில் இருக்கிறதா?

ரான்ஹீ


மொக்போ
மே 26, ஞாயிறு

அக்கா,

முறம் இருந்தது. பால்கனியில், வாஷிங் மெஷினுக்குப் பின்னால். நேற்று மாலை அதை எடுத்து என் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். நாரே முகம் வெளுத்துவிட்டது. "நீயும் வா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு மேல்வீட்டுக்குப் போனேன். வேண்டுமென்றே சாங்கூவையும் வரச்சொன்னேன். லிப்டில் நல்ல கூட்டம்.

மேல்வீட்டம்மா கதவைத் திறந்ததும் சொன்னேன்: "அம்மா, நேத்து என் வீட்டுக்காரர் படுக்கையை நனைச்சுட்டாரு. அவருக்கு வெக்கமா இருக்காம், நான் வந்தேன். கொஞ்சம் உப்பு குடுங்க."

சாங்கூ, "அடிப்பாவி, யாருடி நனைச்சது?" என்று கத்தினார். கத்தியதில் இரண்டு மாடிக்கும் கேட்டது. நாரே படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தம்மா உப்பைப் போட்டுவிட்டு நாரேயின் முன்னால் குனிந்து, "பாட்டி அன்னைக்குத் தட்டினது தப்புடா" என்றார்.

அவள் குளியலறையில் உட்கார்ந்திருந்ததைச் சாங்கூவிடம் முன்பே சொல்லியிருந்தேன். ராத்திரிச் சாப்பாட்டில் சூப்பைக் கிண்டிக்கொண்டே, "எனக்கும் அதோட நிக்கல" என்றார். "ரெண்டு வருஷம். நானும் சுவத்துல சாயாமத்தான் உக்காந்திருந்தேன்." அப்புறம் பள்ளிக்கூடப் பேச்சை எடுக்கவே இல்லை. முறத்தை இன்று காலையில் அவரே கடையில் கொடுத்துவிட்டு வந்தார்.

பையைத் தூக்கிப் பாருங்கள் அக்கா. துவைத்து அனுப்பியிருப்பேன். உங்களிடம் காட்ட வேண்டும் என்றுதான் அப்படியே அனுப்புகிறேன். இந்த வீட்டில் நேற்று ராத்திரி அவள் தூங்கினாள்!

உன்சில்


குவாங்ஜு
ஜூன் 8, சனிக்கிழமை

உன்சிலுக்கு,

பஸ் நிலையத்தில் நாரே பையைக் கையில் கொடுத்தபோதே கனத்தது. மூத்திர வாடை. அங்கேயே ஜிப்பைத் திறந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்றவர்கள் என்ன நினைத்தார்களோ, சிரித்தேன். வீட்டுக்கு வந்து துவைக்கப் போட்டதும் வயிறு எரிய ஆரம்பித்தது.

அவள் நிம்மதியாகத் தூங்கும் இடம் என் வீடு ஒன்றுதான் என்று நீங்கள் எழுதிய நாளிலிருந்து நான் மகாராணி மாதிரி இருந்தேன். மெத்தை சுமக்கிறபோதுகூடப் பாரம் தெரியவில்லை. அதையும் இரண்டே வாரத்தில் பங்கு போட்டுவிட்டீர்கள். தலையில் முறத்தைக் கவிழ்த்துக்கொள்ள எனக்குத் தோன்றியிருக்காது. இதைச் சொல்லவும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. எரிச்சல் போகட்டும் என்று காத்திருந்தால் கடிதம் எழுதி முடியாது.

இந்தப் பை இனிமேல் போய் வராது. ரப்பர் விரிப்பும் போர்வையும் அங்கேயே இருக்கட்டும். அவள் தூங்குகிற வீட்டில்தான் அவள் துணியைத் துவைக்க வேண்டும். புது மணி ஒன்றும் வைத்திருக்கிறேன். அது அடித்தால் அவள் எழ மாட்டாள், நீங்கள்தான் எழுந்து அவளை எழுப்பிக் கூட்டிப்போக வேண்டும். கொஞ்ச மாதம் பிடிக்கும், நடுவில் விட்டுவிடக் கூடாது என்கிறார் டாக்டர். இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரி செய்ய வேண்டுமாம். பையில்லாமல் எப்படிப் பேசுவது என்று யோசிக்க வேண்டாம், என் நம்பரை மணியின் டப்பாவில் எழுதியிருக்கிறேன். அக்கா என்று கூப்பிட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் கூப்பிடுங்கள். சாங்கூ எதிரில் மட்டும் வேண்டாம், அவர் தன் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொள்வார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன், ஏனென்றால் இது எனக்கு மட்டும் தெரிந்தது. நனைந்த துணியை மாற்றும்போது விளக்குப் போடாதீர்கள். அவள் தூக்கத்திலேயே இடுப்பைக் கொஞ்சம் தூக்கிக் கொடுப்பாள். கண்ணைத் திறக்காமல் "அம்மா" என்பாள். மணிக்கு எழாதவள், பதில் வராவிட்டால் விழித்துவிடுவாள், அப்புறம் தூங்க மாட்டாள்.

நீங்கள் "உம்" என்று சொல்லிவிடுங்கள்.

ரான்ஹீ