சுவரில் விட்ட ஓட்டைகள்

ஜூன் 3

பயிற்சிக்குப் போய் வந்தேன். வேளாண்மை ஆபீசர் அம்மா ஒரு கைப்பிடி உரத்தைக் காட்டி, "மோந்து பாருங்க" என்றார். கறுப்பு, உதிரி. நாற்றமே இல்லை. மரத்தடி மண்ணைக் கிளறினால் வருமே, அந்த வாசனை. "நாலு மாசம் முன்னாடி இது சாணியும் சோளத்தட்டையும்" என்றார். நான் நம்பவில்லை. இன்னொரு தடவை மோந்தேன். அதெப்படி? நம் வீட்டுப் பின்பக்கம் கிடக்கிற அதே குப்பைதானே!

செங்கல் தொட்டி வேண்டுமாம். பத்தடி நீளம், ஆறடி அகலம், மூன்றடி உயரம். மூன்று வரிசைக்கு ஒரு தடவை இடைவெளி விட்டு ஓட்டை வைக்க வேண்டும், காற்றுப் போக.

வீட்டிலேயே கொத்தனார் இருக்கிறார், என் வீட்டுக்காரர். கேட்கத்தான் வாய் வரவில்லை.

ஜூன் 4

கேட்கவில்லை.

ஜூன் 6

அவருடைய சாமான் பை பதினோரு மாதமாகச் சமையலறை ஆணியில் தொங்குகிறது. கரண்டி, ரசமட்டம், நூல்குண்டு எல்லாம் அதற்குள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மேட்டு மண்ணைத் தாங்க ஒரு சுவர் எழுப்பினார். போன வருஷ மழையில், ஒரு லீவு நாளில், அது அப்படியே சரிந்தது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. ஏன் சரிந்தது என்று இவருக்கே தெரியவில்லை. "என் கை போச்சு" என்றார். அன்று மாட்டிய பை. யார் வேலைக்குக் கூப்பிட்டாலும் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுகிறார். உடம்புக்கு ஒரு கேடும் இல்லை, மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறார். வேலைக்குக் கொண்டுபோகிற சாப்பாட்டுத் தூக்கு சும்மா கிடக்கிறது என்று அதில் நான் பூண்டு போட்டு வைத்திருக்கிறேன்.

இன்று கேட்டேவிட்டேன். "குப்பை போடத்தானேங்க. விழுந்தா குப்பைதான கொட்டும்?"

சிரிக்கவில்லை. "எத்தனை அடி?" என்றார்.

அளவு கேட்டார்!

ஜூன் 12

தொட்டி முடிந்தது. மண் சாந்து, மேல் இரண்டு வரிசைக்கு மட்டும் சிமெண்ட். ஓட்டை வரிசை வந்தபோதெல்லாம் முகத்தைச் சுளித்தார். "சுவரா இது? சல்லடை" என்றார். ஆனாலும் நூல் பிடித்த மாதிரி நிற்கிறது. ஏதோ அரண்மனை கட்டிய மாதிரி மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஜூன் 15

நிரப்பினோம். ஒரே மூச்சில் நிரப்ப வேண்டுமாம். அரையடி குப்பை, மேலே சாணிக் கரைசல், அதற்கு மேல் சலித்த மண். பிறகு மறுபடி குப்பை. எட்டு அடுக்கு, விளிம்புக்கு மேல் கூம்பி நின்றது. கடைசியில் மண்ணும் சாணியும் குழைத்து மெழுகி மூடினோம். இடுப்பு ஒடிந்துவிட்டது.

பக்கத்து வீட்டு அக்கா வந்து எட்டிப் பார்த்தார். நான் மனதுக்குள் வைத்த பெயர் மோப்ப அக்கா. எங்கள் வீட்டில் பால் பொங்கினால் அங்கிருந்து குரல் கொடுப்பார். "நாத்தம் வந்துச்சு, நேரா சுகாதார ஆபீஸுக்குத்தான் போவேன்" என்றார்.

ஜூன் 18

ஓட்டைக்குள் கை விட்டேன். சுடுகிறது!

அடுப்பும் இல்லை, நெருப்பும் இல்லை. காலைக் குளிரில் ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் மெல்லிய ஆவி வருகிறது. நான் கிள்ளி எறிந்த கத்தரிக்காய்க் காம்பு உள்ளே உட்கார்ந்து வெந்துகொண்டிருக்கிறது. யார் மூட்டிய தீ இது? அவரைக் கூப்பிட்டு, "கை விட்டுப் பாருங்க" என்றேன். விட்டார். "ம்" என்றார். அவ்வளவுதான். ஆனால் கையை வெகு நேரம் வெளியே எடுக்கவில்லை.

ஜூன் 20

தங்கைக்குப் பெண் குழந்தை. கிளம்புகிறேன். மாட்டையும் தொட்டியையும் அவரிடம் ஒப்படைத்தாயிற்று.

ஜூன் 29

திரும்பி வந்து பின்பக்கம் போனால் — ஓட்டைகளைக் காணோம்.

ஒன்று விடாமல் செங்கல் வைத்து அடைத்து, வெளிப்பக்கம் சுற்றிலும் சிமெண்ட் பூசியிருக்கிறார். அவருடைய பழைய கூட்டாளி, கம்பி கட்டுகிறவர், வந்திருந்தாராம். "என்ன மேஸ்திரி, இந்தச் சுவர் விழறதுக்கு முன்னாடியே ஓட்டையா?" என்று கேட்டுச் சிரித்தாராம். விளையாட்டுக்குத்தான் சொல்லியிருப்பார். இவர் அன்றைக்கே சிமெண்ட் குழைத்துவிட்டார்.

"இப்ப எப்படி இருக்கு?" என்றார். கண்ணாடி மாதிரி பூச்சு. அவர் முகத்தில் பழைய களை. பதினோரு மாதமாக நான் பார்க்காத முகம்.

காற்று இல்லாமல் குப்பை செத்துவிடும் என்று சொல்லியிருக்க வேண்டும். "நல்லா இருக்கு" என்றேன்.

ஜூலை 1

குப்பையா, மனுஷனா? குப்பை போனால் போகட்டும்.

ஜூலை 6

நாலு நாளாக மழை. மேல் மெழுகு வெடித்துத் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம், அழுகின முட்டை தோற்றுப்போகும். மோப்ப அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன்" என்றார். மேலே கிளறிக் கை வைத்தேன். சில்லென்று இருந்தது. செத்துப்போச்சு. அழுகை வந்தது. குப்பைக்காக அழுகிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

ஜூலை 9

காலையில் பால் கறந்துவிட்டு வருகிறேன், அவர் தொட்டி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். கையில் சுவரின் நேர் பார்க்கிற நூல்குண்டு. "வயிறு தள்ளியிருக்கு" என்றார். நீளச் சுவர் நடுவில் ஒரு விரல்கடை புடைத்திருந்தது. பூச்சில் விரிசல். "இதுவும் விழப்போகுது. நான் தொட்டாலே விழுது."

என்னால் தாங்க முடியவில்லை. "ஓட்டையத் திறங்க! மொதல்ல ஓட்டையத் திறங்க!" என்று கத்தினேன். பத்து நாளாக அடக்கி வைத்தது அப்படி வெளியே வந்துவிட்டது.

உளியும் சுத்தியலும் எடுத்தார். கீழ் வரிசையில் ஓர் ஓட்டை. நாலே தட்டு. அடைத்த செங்கல் அசைந்ததுதான் தாமதம், கறுப்புத் தண்ணீர் பீச்சி அடித்தது. சட்டையிலும் முகத்திலும் அதுதான். அவர் நகரவில்லை. அடுத்ததைத் திறந்தார். அதிலும் அப்படியே. மாட்டுக் கொட்டகை வரைக்கும் ஓடியது. எல்லாம் வடிந்த பிறகு சுவரை உள்ளங்கையால் மெதுவாகத் தடவினார்.

"தண்ணிக்கு வெளிய போக வழி இல்ல" என்றார்.

"ஆமா."

"அங்கயும் நான் விடல." எனக்கு முதலில் புரியவில்லை. "பள்ளிக்கூடத்துச் சுவர்ல. பாக்க அசிங்கமா இருக்கும், ஓட்டை வேணாம்னாங்க. நானும் சரின்னுட்டேன். மேட்டுத் தண்ணி பூரா பின்னாடி தேங்கித் தள்ளியிருக்கு."

அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். "என் கை போகல" என்றார். என்னிடம் சொன்னாரா, சுவரிடம் சொன்னாரா, தெரியாது. இத்தனை மாதம் அவர் தூக்கத்தைத் தின்ற கேள்விக்கு ஒரு குப்பைத் தொட்டி பதில் சொல்லிவிட்டதே! நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டது. இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஜூலை 11

எல்லா ஓட்டையும் திறந்தாயிற்று. உள்ளே இருந்ததை வாரிப் போட்டு, காய்ந்த தட்டை கலந்து, மறுபடி அடுக்கினோம். ஒவ்வொரு ஓட்டைக்கும் விளிம்பு பூசிக்கொண்டிருக்கிறார். ஜன்னல் வைத்த வீடு தோற்றது.

ஜூலை 15

சுடுகிறது! சுடுகிறது!

ஆகஸ்ட் 2

கொள்ளாமல் கூம்பி நின்ற குவியல் முக்கால் அடி உள்ளே இறங்கிவிட்டது. எங்கே போகிறது அத்தனையும்? மறுபடி நிரப்பி மெழுகினோம். நாற்றம் இல்லை. மோப்ப அக்காவுக்குத்தான் ஏமாற்றம்.

செப்டம்பர் 19

காலையில் எழுந்ததும் அவர் முதலில் போவது தொட்டிக்கு. ஓட்டை ஓட்டையாகக் கை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் காபி. "சூடு இறங்குது, பக்குவம் வருது" என்கிறார். ஆபீசர் அம்மா தோற்றார்.

அக்டோபர் 25

திறந்தோம்.

எழுதத் தெரியவில்லை. கை நிறைய அள்ளினேன். சாணி எது, தட்டை எது, என் கத்தரிக்காய்க் காம்பு எது — ஒன்றும் இல்லை. கறுப்பாக, உதிரியாக, அந்த மரத்தடி வாசனை. அடியில் மண்புழுக்கள், யார் கூப்பிட்டு வந்தன? நாம் வேண்டாம் என்று எறிந்தது இப்படித் திரும்பி வருமா? வந்திருக்கிறதே, கையிலேயே இருக்கிறதே. மோப்ப அக்கா வந்து ஒரு பிடி எடுத்து மோந்தார். இன்னொரு தடவையும் மோந்தார். "எங்க வீட்டுலயும் ஒண்ணு கட்டித் தரச் சொல்லேன்" என்றார்.

அக்டோபர் 29

ஆணியில் பை இல்லை.

எங்கே என்று எனக்குத் தெரியும். திங்கட்கிழமை தானாகவே பள்ளிக்கூடத்துக்குப் போய், அந்தச் சுவரைத் திரும்பக் கட்டித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். பூண்டைக் கொட்டிவிட்டுத் தூக்கைக் கழுவி, சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். மூன்றடி எழும்பியிருந்தது. கீழிருந்து ஓரடி உயரத்தில் வரிசையாக, ஒரே அளவில், தண்ணீர் வடிய ஓட்டைகள். அவர் குனிந்து ரசமட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்ததைக் கவனித்தாரா என்றுகூடத் தெரியவில்லை. பழக்கத்தில் ஓர் ஓட்டைக்குள் கையை விட்டேன்.

"அது சுடாது" என்றார், தலையைத் தூக்காமல்.