குறை வைக்காதே என்றீர்களே

இயேசு மரி சூசை துணை

தங்கச்சிமடம்

அன்புள்ள ஆன்டோ மச்சானுக்கு, ஜெப்சி எழுதுவது.

நானும் உங்கள் மகளும் இருக்கிறோம். நலம் என்று எழுதப் போய், எழுதாமல் விட்டுவிட்டேன். நீங்கள் அங்கே சிறையில் எப்படி இருக்கிறீர்கள்? வயிறாரச் சாப்பாடு தருகிறார்களா? கடலில் எல்லை தாண்டியதாகப் பிடித்துப் போன அன்றைக்கு இருந்த இருமல் நின்றுவிட்டதா? வக்கீல் நாளை அக்கரைக்குப் புறப்படுகிறாராம், அவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். உங்களுக்கு முன்னால் அங்குள்ள அதிகாரிகள் படிப்பார்கள் என்று சொன்னார். படிக்கட்டுமே. முழுக்கத் தாய்ப்பால் சங்கதிதான். கூச்சப்படுகிறவர்கள் கண்ணை மூடிக்கொள்ளட்டும்.

மகள் உங்களை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள். அதே நெற்றி, அதே பிடிவாதம். ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். உங்கள் அக்கா ஜாஸ்லின் மதினிதான் என்னோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். தாயில்லாத உங்களை வளர்த்தவர் இல்லையா, இப்போது உங்கள் மகளையும் தானே வளர்ப்பதாகச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்கிறார். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

முதலில் சேனை. அத்தைக்காரி கையால் சீனித்தண்ணியைத் தொட்டு நாக்கில் வைத்தால்தான் பிள்ளைக்கு உங்கள் வீட்டுக் குணம் வருமாம். தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால் நான் விடவில்லை. "எந்தம்பி புள்ளைக்கு நான் சேனை வைக்கக் கூடாதாக்கும்" என்று அழுதேவிட்டார். அந்த அழுகை ஓய்வதற்குள் சீம்பால். "இது சீக்குப்பாலுடி, மஞ்சளாக் கெடக்கு பாரு, பீச்சிக் கீழ விடு" என்றார். வலியோடு வலியாக எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மாடு கன்று போட்டால் சீம்பாலைச் சீனி போட்டுக் கிண்டி வழித்து வழித்துத் தின்கிறோம், நான் பெற்றால் மட்டும் சீக்கா என்று கேட்டுவிட்டேன். வார்டே சிரித்தது. மதினி சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் உங்கள் சொல் வந்து காத்திருக்கிறது. "பிள்ளைக்கு ஒரு குறையும் வைக்காதே அக்கா" என்று நீங்கள் சொன்னதாக வக்கீல் போனமுறை வந்து சொன்னார். அவ்வளவுதான். மதினி நேரே கடைக்குப் போய்ப் பால்பவுடர் டப்பாவும் பாட்டிலும் வாங்கி வந்து அந்தோணியார் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். குறை வைக்காதே என்றால் டப்பா வாங்கு என்று அர்த்தமாம். "ஆன்டோவே சொல்லிவிட்டுட்டான், நீ என்னடி சட்டம் பேசுற" என்கிறார். ஏன் மச்சான், டப்பா என்று நீங்கள் வாயைத் திறந்து சொன்னீர்களா?

தையல் போட்ட இடம் வலித்ததில் என்னால் உட்காரவே முடியவில்லை. பிள்ளை நுனியை மட்டும் கவ்வி இழுத்ததில் காம்பு புண்ணாகிவிட்டது. அவளும் அழுதாள், நானும் அழுதேன். மதினி பாட்டிலை வைத்தார், குடித்துவிட்டுத் தூங்கிவிட்டாள். பார்த்தாயா, உனக்குப் பால் இல்லை என்றார். பாட்டிலில் குடிக்கக் குடிக்க என்னிடம் குடிப்பது குறைந்தது. அது குறைய, பாலும் குறைந்தது. பிறகு ஒருநாள் பிள்ளைக்கு வயிற்றால் போய்க் கண்ணெல்லாம் குழி விழுந்துவிட்டது. அன்று நானும் மதினியும் சண்டையை மறந்து ஆட்டோவில் ஓடினோம்.

இப்போது தேறிவிட்டாள், பயப்படாதீர்கள். எடைதான் பிறந்த எடைக்கே இன்னும் திரும்பவில்லை. நர்ஸ் காலிதா அக்கா வீட்டுக்கே வந்தார். தலையணையை முட்டுக் கொடுத்து, பிள்ளையைக் கக்கத்துக்குக் கீழே பக்கவாட்டில் பிடித்து, வாயை நன்றாகத் திறந்ததும் நெஞ்சோடு சேர்த்து அணைக்கச் சொன்னார். அணைத்தேன். மச்சான், அவள் மடக் மடக்கென்று விழுங்குகிற சத்தம் கேட்டதும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. "புள்ள சப்பச் சப்பத்தாம்மா ஊறும். பாட்டில ஓரங்கட்டு. மனசப் போட்டு ஒழப்பிக்காத" என்றார். பாட்டில் மதினி கையில். மனசு உங்கள் கையில். நான் எதை என்னவென்று செய்வது?

மதினியை நான் குற்றம் சொல்லவில்லை. நம் படகு அங்கே பிடிபட்டுக் கிடக்க, யார் படகாவது கரைக்கு வரட்டும் என்று வெயிலில் காத்து நின்று பால்சுறா வாங்கி வருகிறார். பால் ஊறட்டும் என்று புட்டாக்கி என் வாயில் திணிக்கிறார். நான் மென்று விழுங்குவதற்குள் அதே கையால் பாட்டிலைக் கலக்குகிறார். "தம்பி வந்து, எம்புள்ள ஏங்க்கா இப்பிடி எளச்சுக் கெடக்குன்னு கேட்டா நான் எந்த மூஞ்சிய வச்சுப் பதில் சொல்லுவேன்" என்று அடுப்படியில் புலம்புவது கேட்கிறது. பாவமாகவும் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது.

திங்கட்கிழமை மறுபடி எடை பார்க்கப் போகிறோம். ஏறவில்லையென்றால் இனி பாட்டில் மட்டும்தான் என்று மதினி சொல்லிவிட்டார். வக்கீல் ஞாயிற்றுக்கிழமையே திரும்பிவிடுவாராம். அக்காவுக்கு ஒரு வரி எழுதி அவரிடம் கொடுத்துவிடுங்கள். குறை வைக்காதே என்றது டப்பாவை இல்லை, ஜெப்சி பாலே போதும் என்று எழுதுங்கள். நான் சொன்னால் சண்டை. காலிதா அக்கா சொன்னால் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, அவர் வாசலைத் தாண்டியதும் பாட்டில். நீங்கள் சொன்னால் அவருக்கு வேதவாக்கு.

இன்னொன்று. ஆறு மாசம் முடிந்ததும் பிள்ளைக்குச் சோறு குழைத்து ஊட்டலாமாம். சேனைதான் போச்சு, முதல் வாய்ச் சோறாவது யார் கையால் என்று மதினி கேட்டார். உங்கள் கையால்தான் மதினி என்று சொல்லியிருந்தால் சண்டை தீர்ந்திருக்கும். நான் சொல்லவில்லை. அது அவள் அப்பாவுக்கு என்றேன். மதினி பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தார். அன்று பொழுது சாயும்வரை அதை அவர் தொடவில்லை.

இதோ சிணுங்குகிறாள். மதினி எழுந்துவிட்டார். நான் முந்த வேண்டும்.

கொடுத்துவிட்டு வந்து எழுதுகிறேன். இந்தத் தடவை நான்தான் முந்தினேன். தூக்கத்திலும் வாய் சப்புக்கொட்டிக்கொண்டே இருக்கிறது.

அந்தோணியார் உங்களையும் கூட இருக்கிறவர்களையும் காப்பாற்றட்டும். கோர்ட்டுத் தவணை தள்ளித் தள்ளிப் போகிறது என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள், நான் காதில் வாங்கவில்லை. ஆறு மாசம் முடியும்வரை இனி அவளுக்கு என் பாலைத் தவிர வேறெதையும் காட்டாமல் வைத்திருப்பது என் பாடு. முதல் வாய்ச் சோற்றுக்கு வந்து நிற்பது உங்கள் பாடு. குறை வைக்காதே என்று சொல்லியனுப்பினீர்களே, அது உங்களுக்கும்தான் மச்சான்.

இப்படிக்கு,
வழி பார்த்திருக்கும்
ஜெப்சி