திட்டியதில் பாதி இங்கிலீஷ்

டீச்சரம்மா,

எனக்குக் காலை ஷிப்ட். நீ அசந்து தூங்குகிறாய், எழுப்ப மனசு வரவில்லை. ஃபிளாஸ்க்கில் டீ இருக்கிறது. வெறும் வயிற்றோடு பரீட்சைக்குப் போகாதே. பாஸ்போர்ட்டை உன் கைப்பையில் வைத்திருக்கிறேன். அது இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள், நீயும் ஒருமுறை பார்த்துக்கொள்.

போன தடவை இங்கிலீஷில் இரண்டு நிமிஷம் விடாமல் பேசச் சொன்னபோது, பாதியிலேயே வாயடைத்துப்போனதாகச் சொல்லி அழுதாய். அரை மார்க்கில் வெளிநாட்டு யுனிவர்சிட்டி சீட்டும் போயிற்று.

நேற்று நான், “இந்தத் தடவையும் கிடைக்கலேன்னா விட்டுடேன்”னு சொன்னதும் என்னைப் பிடித்துக்கொண்டு திட்டினாயே, அதில் பாதி இங்கிலீஷ். ஓர் இடத்திலும் நீ திக்கவில்லை. அப்போது எனக்கு வந்தது கோபம்தான். இன்று பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது.

எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பவரை உன் புருஷன் என்றே நினைத்துக்கொண்டு பேசு. குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் கொஞ்சம் பார்த்துச் சொல்.

சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போ. குடையை மறக்காதே.

இன்னொன்று. நீ ஃபெயிலாகிவிடுவாய் என்று பயந்து நேற்று அப்படிச் சொல்லவில்லை. பாஸாகிவிட்டால் போய்விடுவாயே என்றுதான். அதற்காகப் பாதியில் நிறுத்திவிடாதே.