ஊரைக் கேளுங்கள் என்றீர்கள், மச்சான்

அன்பு நிறைந்த மச்சானுக்கு,

எதையும் வரிசை போட்டுக்கொண்டால்தான் எனக்குப் பேச வரும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே சொல்லப்போவதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

1. நேர்காணலுக்கு நீங்கள் என்னைத் தயார் செய்தது.
2. அங்கே நான் சொதப்பியது.
3. உங்கள் யோசனைகளில் எனக்குப் பயன்படாமல் போன ஒன்று.
4. நன்றி.

நாலு பேர் படிக்கும் இடத்தில் இதை எழுதலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். உங்கள் தங்கை சரசுதான், "எங்கண்ணன் இருந்தப்ப ஒரு நன்றி சொல்லியிருப்பீங்களா? இப்பவாச்சும் எழுதுங்க" என்றாள். உண்மைதான். உங்கள் முன்னால் உட்கார்ந்தால் நீங்கள்தான் பேசுவீர்கள். நான் தலையாட்டுவேன்.

பங்காளிகள் பிரிந்து, நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியை மூடியபோது எனக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. எம்.ஏ. படித்துவிட்டு, பின்னறையில் உட்கார்ந்து வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆங்கிலக் கடிதம் தட்டச்சு செய்தே காலத்தை ஓட்டியவன் நான். இனி யார் வேலை தருவார்கள் என்று வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தேன். அப்போதுதான் மடத்துக்குளத்திலிருந்து பஸ் ஏறி வந்தீர்கள். தையல் மெஷின் விற்கும் கடை ஒன்றில், மெஷின் பழுதாகிக் கூப்பிடுகிறவர்களுக்குப் போனில் பதில் சொல்ல ஆள் தேடுகிறார்கள் என்றீர்கள்.

"கஸ்டமர் கேருங்க மாப்ளே. ஏசி ரூமு."

"எனக்குப் போனுன்னாலே பயமுங்க மச்சான்."

"பயந்துக்கிட்டே போங்க. யாரு வேண்டாம்னாங்க?"

அன்று மத்தியானம் எங்கள் மர நாற்காலியில் கால்மேல் கால் போட்டு நீங்கள் முதலாளி ஆனீர்கள். என்னை வெளியே அனுப்பி, கதவைத் தட்டி உள்ளே வரச் சொன்னீர்கள். நான் தட்டியது எனக்கே கேட்கவில்லை. "ஏதோ எலி சுரண்டுதாட்டம் இருக்குது" என்று நீங்கள் சத்தமாகச் சொல்ல, சமையலறையில் சரசு சிரித்தாள். வேலை போனபிறகு அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

மூன்று யோசனைகள் சொன்னீர்கள். புதுச்சட்டை வேண்டாம், போட்டால் நான் சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். எழுந்து போ என்று முதலாளி சொல்லும்வரை எழுந்திருக்கக் கூடாது. மூன்றாவதை உங்கள் வாயாலேயே சொன்னால்தான் சரியாக இருக்கும்.

"கோவத்துல இருக்கறவங்ககிட்ட எந்த ஊருங்கன்னு கேளுங்க மாப்ளே. சொந்த ஊர் பேரை எவனும் கத்திச் சொல்லமாட்டான்."

நூல் வியாபாரத்துக்கு ஊர் ஊராக அலைந்த உங்களுக்கு அது சரி. எனக்கு?

நேர்காணலில் முதலாளி, என் மகன் வயதுதான் இருக்கும், முதல் கேள்வியாக "உங்களுக்கு என்னென்ன தெரியுமுங்க?" என்றார். இதற்கு நாம் பதில் தயாரித்து வைத்திருந்தோம். ஆனால் தன்னைத் தானே மெச்சிக்கொள்ளக் கூடாது என்று வளர்த்த வளர்ப்பு இருக்கிறதே. "பெருசா ஒண்ணும் தெரியாதுங்க" என்றேன்.

"அப்புறம் எதுக்குங்க வந்தீங்க?"

குரலில் சூடு தெரிந்தது. உங்கள் யோசனை நினைவுக்கு வந்தது. "உங்களுக்கு எந்த ஊருங்க?" என்றேன்.

"கேள்வி கேக்கறதுக்கு நான் உக்காந்திருக்கேனுங்க."

அவர் வேறு வேலையைப் பார்க்க ஆரம்பித்தார். நான் உட்கார்ந்தே இருந்தேன். நெடுநேரம் கழித்து நிமிர்ந்து, "இன்னும் போகலீங்களா?" என்றார். "போகச் சொல்லலீங்களே" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்தச் சீட்டுல உக்காந்தவங்க எல்லாம் திட்டு வாங்க முடியாம ஓடிட்டாங்க. நீங்க ஓடமாட்டீங்க போல. மூணு மாசம் பார்க்கலாமுங்க" என்றார். மூன்றாவது யோசனை கெடுத்ததை இரண்டாவது யோசனை காப்பாற்றியது என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

சேதியைச் சொன்னபோது போனிலேயே சிரித்தீர்கள். நான் கேட்ட உங்கள் கடைசிச் சிரிப்பு அது. அந்த வாரமே தூக்கத்தில் போய்விட்டீர்கள். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போகிற பழக்கம் உங்களுக்கு எப்போது வந்தது, மச்சான்?

காரியம் முடிந்து கடைக்குத் திரும்பியவன் இன்னும் மோசமானேன். போனை எடுத்ததும், என்ன ஏதென்று கேட்பதற்கு முன்பே, "மன்னிச்சுக்குங்க" என்பேன். இரண்டு மாதம் இப்படியே போயிற்று. முதலாளி கூப்பிட்டார். "மெஷின் ரிப்பேருன்னு கூப்பிடறவங்க, உங்ககிட்டப் பேசினா மெஷினே போயிருச்சோன்னு பயந்துக்கறாங்க. இந்த மாசமும் இப்படியே இருந்தா வேற ஆளுதான் பார்க்கணும்." இதைச் சரசுவிடம் நான் சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஒரு போன் வந்தது. ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுக்கும் ஒரு அம்மா.

"காலையில இருந்து கூப்பிடறனுங்க. ரெண்டு ஓவர்லாக் மெஷினும் நிக்குது. சாயங்காலம் லாரி வருது. லாரிக்காரனுக்கு நான் தெச்ச பீஸைக் குடுக்கட்டுமா, நீங்க சொல்ற மன்னிப்பைக் குடுக்கட்டுமா?"

மெக்கானிக்குகள் எல்லாரும் அவினாசிப் பக்கம் போயிருந்தார்கள். மன்னிப்பும் கையில் இல்லை. "உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"என்னதுங்க?"

"ஊருங்க."

"கொமரலிங்கமுங்க." குரல் பாதியாக இறங்கியிருந்தது. "ஏனுங்க?"

"எங்க மச்சானுக்குப் பக்கத்துல இருக்கற மடத்துக்குளமுங்க. நூல்கார வேலுச்சாமி."

"அட, அந்தச் சிரிப்புக்காரருங்களா? எங்கப்பா தறி ஓட்டினப்ப அவருகிட்டத்தானுங்க நூலு வாங்குவாரு. நல்லா இருக்காருங்களா?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. "போயிட்டாருங்க" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அந்த அம்மா, "அழுகாதீங்க. உங்களைத் திட்டலாம்னு கூப்பிட்டா, என்னையே ஆறுதல் சொல்ல வெச்சுட்டீங்களே" என்றார். "மெக்கானிக்கு எப்ப வருவாருன்னு நெசத்தைச் சொல்லுங்க. அதுக்குத் தகுந்த மாதிரி பார்த்துக்கறேன்."

"மூணு மணிக்கு முந்தி வரமாட்டாருங்க."

"அது போதுமுங்க. லாரியக் கொஞ்சம் பொறுத்து வரச் சொல்லிக்கறேன்."

அவருக்கு வேண்டியிருந்தது அந்த மூணு மணிதான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாள் நேரத்தைச் சொல்லப் பயந்து மன்னிப்பை நீட்டிக்கொண்டிருந்தேன். மெக்கானிக் போனார். லாரி கிளம்பியதும் அந்த அம்மா முதலாளியையே கூப்பிட்டு, இனிமேல் அந்தப் பெரியவர்தான் போன் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாராம்.

நேற்றோடு என் மூன்று மாதம் முடிந்தது. "நீங்களே இருந்துக்குங்க" என்றார் முதலாளி. நான் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். கதவருகே போனபோது பின்னாலிருந்து, "எனக்குத் தாராபுரமுங்க. அன்னைக்குக் கேட்டீங்களே" என்றார்.

ஆகவே, மச்சான், மேலே மூன்றாவதாக நான் எழுதியிருப்பது தவறு. அடித்துவிடலாம். நீங்கள் பார்த்துச் சிரிப்பீர்கள் என்று விட்டுவைக்கிறேன்.

நாளையும் போன் அடிக்கும். பயந்துகொண்டேதான் எடுப்பேன். ஆனால் எடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
கதவைத் தட்டத் தெரியாத உங்கள் தங்கை மாப்பிள்ளை,
கந்தசாமி