மோரும் மாத்திரையும் நீ சொன்ன சொல்லும்

என் அன்பு ஸ்டெல்லா அக்கா,

நீ எங்களை விட்டு ஆண்டவரிடம் போய் எட்டு மாதமாகிறது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள நான் மயிலாடுதுறையை விட்டு வலங்கைமான் வீட்டுக்கே வந்துவிட்டேன். சமைப்பது நான், கால் பிடித்துவிடுவது நான், ஞாயிறு பூசைக்கு அழைத்துப்போவதும் நான். ஆனாலும் இந்த வீட்டில் உன் பேச்சுதான் எடுபடுகிறது. உனக்கு மட்டும் எப்படி அக்கா?

போன மாதம் ரத்தப் பரிசோதனையில் அம்மாவுக்குக் கொழுப்பு எகிறியிருந்தது. என் சமையல்தான் காரணமோ என்று பயந்து தேங்காயைக்கூட நிறுத்தினேன். பிறகு ஒருநாள் ஜெபப் புத்தகம் எடுக்க அலமாரியைத் திறந்தால், கொழுப்பு மாத்திரை அட்டைகள் பிரிக்காமலே கிடந்தன.

"ஏம்மா போடல?"

"மோர் சாப்பிட்டா மாத்திரை போடக்கூடாதுன்னு ஸ்டெல்லா சொல்லியிருக்கா. மோர் இல்லாம எனக்குச் சோறு எறங்குமா?"

டாக்டரிடம் அழைத்துப்போனேன். அம்மா வெளியே பெஞ்சில் இருந்தாள்.

"இந்த மாத்திரைக்குப் பால், மோர் எதுவும் தடையில்லைம்மா. சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம். தினமும் விடாம போடணும், அதான் முக்கியம். முன்ன நீர்க்கடுப்புக்கு ஒரு மாத்திரை கொடுத்தோமே, அதோடதான் பால், மோர் சேர்க்கக்கூடாது. அதைத்தான் உங்க அக்கா சொல்லியிருப்பாங்க."

நர்ஸ் வேலை பார்த்த நீ சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய். அம்மாதான் எல்லா மாத்திரைக்கும் சேர்த்துப் புரிந்துகொண்டாள். அது தெரிந்தும் பஸ்ஸில் அம்மாவிடம், "அக்கா சொன்னது தப்பாம்" என்றேன். சொல்லும்போது இனித்தது அக்கா.

அம்மா மாத்திரை போட்டுக்கொண்டாள், ஆனால் மோரைத் தொடவில்லை. இரண்டு நாள் வெறும் ரசச்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். மூன்றாம் நாள் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அக்கா சொன்னது சரிதாம்மா. அது வேற மாத்திரை. நான்தான் மறைச்சிட்டேன்."

"ஏன்டி?"

"நான் சொல்ற ஒண்ணையாவது நீ கேக்கிறியா?"

அம்மா தட்டை என் பக்கம் நகர்த்தினாள். "மோரை ஊத்து. எனக்கு அப்பவே தெரியும், ஸ்டெல்லா தப்பா சொல்லமாட்டா."

ஊற்றினேன். மாத்திரையையும் நான்தான் எடுத்துக்கொடுத்தேன்.

இனி உன்மேல் பொய் சொல்லமாட்டேன். அம்மாவுக்கு ஒரு வேளை மாத்திரைகூடத் தவறவிடமாட்டேன். பொறாமைப்படமாட்டேன் என்று மட்டும் என்னால் சத்தியம் செய்ய முடியாது.

இன்னமும் உன்னோடு மல்லுக்கு நிற்கும் உன் தங்கை,
ரீட்டா