மலை இருக்கும் பக்கம் மேற்கு

டீச்சர்,

நேற்று ஜெபா உங்கள் காக்கித் துணிப்பையைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள். ஜிப்பைத் திறந்ததும் புகையிலை வாடை முகத்தில் அடித்தது. அட்டை கடிக்காமலிருக்க ஈரப் புகையிலையைத் துணியில் கட்டிக் காலுறைக்குள் செருகிக்கொண்டோமே, அந்த வாடை. ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் கோயிலில் முதல் வரிசையில் உட்காரும் கணக்கு டீச்சர், மேலப்பாளையத்து ஜியாக்ரபி டீச்சரான எனக்குப் புகையிலை கிழித்துக் கொடுத்த கதையைச் சொல்லி நீங்கள் எத்தனை பேரைச் சிரிக்கவைத்திருப்பீர்கள்! நேற்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. பையை மூடிவிட்டு ஒரு செம்பு தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தேன்.

"பாஸ் கெடச்சிட்டு ஆன்ட்டி" என்றாள் உங்கள் மகள். "அடுத்த வாரம் வியாழக்கிழமை ஏறணும். அம்மா போயி ஒரு வருஷம் ஆவப்போவுது. அம்மா ஏறுன மலைய நானும் ஏறிப் பாக்கணும். உங்க பேரையும் சேத்துப் போட்டுட்டேன். உங்க ஆதார் நகல் அம்மா பையிலயே கெடந்துச்சு."

எனக்கு முட்டுவலி என்றேன். சுகர் என்றேன். வீட்டில் விருந்தாளி வருகிறார்கள் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். நீங்கள் பெற்ற பிள்ளை அல்லவா, விடவில்லை.

"அதெல்லாம் சொல்லாதிய. நீங்க வந்தாத்தான் எனக்குத் தைரியம். 'அன்னைக்கு அந்த டீச்சர் மட்டும் தெச பாக்கலன்னா நான் காட்டுலயே போயிருப்பேன்'னு அம்மா கடைசி வரைக்கும் சொன்னாவ."

அது பொய் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். காட்டில் வழியைத் தொலைத்தவள் நான். திசை கண்டுபிடித்தவர் நீங்கள். உலகத்தில் இதை அறிந்தவர்கள் இரண்டே பேர், நீங்கள் போனபிறகு நான் ஒருத்தி. வாயைத் திறக்காமலிருந்தால் உங்கள் பிள்ளை என்னை நம்பி அந்த மலையில் கால் வைப்பாள். திறந்தால், பொய்யே பேசாத அம்மா என்று அவள் நெஞ்சில் வைத்திருக்கும் உங்களை அவள் முன்னாலேயே பொய்க்காரியாக்க வேண்டும். கீழே யானை, மேலே ஏற முடியாத மேடு என்று நின்றோமே, அப்படித்தான் நேற்று அவள் எதிரே உட்கார்ந்திருந்தேன். நாளைச் சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நம் பள்ளியின் மூன்றாம் மாடி நினைவிருக்கிறதா? மழை பெய்து விட்ட மறுநாள் காலையில் மேற்கு ஜன்னலைத் திறந்தால், வயலுக்கும் தென்னைக்கும் அப்பால் மலை நீலமாக நிற்கும். பாடம் நடத்த எனக்கு அதைவிடப் பெரிய படம் வேண்டியிருக்கவில்லை. தபதி ஆற்றுக்குத் தெற்கே தொடங்கிக் குமரி வரைக்கும் வருகிற மலைத்தொடர், நடுவில் பாலக்காட்டில் ஒரு பெரிய வாசல், நம் பக்கம் செங்கோட்டையில் ஒரு சின்ன வாசல். தொடரிலேயே உயரம் ஆனைமுடி, இரண்டாயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்றைந்து மீட்டர். தமிழ்நாட்டில் உயரம் தொட்டபெட்டா, இரண்டாயிரத்து அறுநூற்று முப்பத்தேழு. பிள்ளைகள் பாட்டுப் போலச் சொல்லும்.

பக்கத்து வகுப்பிலிருந்து சாக்பீஸும் கையுமாக நீங்கள் எட்டிப் பார்ப்பீர்கள். "ஆனமுடி, ஆனமுடின்னே சொல்லிக் குடுங்க. ஜன்னல்ல நிக்குற நம்ம பொதிகைய யாரு கேக்கா? அது என்ன, எடுபிடி வேலைக்கா நிக்கி?"

"ஆயிரத்து எண்ணூத்தி அறுபத்தெட்டுதான் டீச்சர். வரிசையில ரொம்பக் கீழ."

"நமக்குக் குடிக்கத் தண்ணி தாரது அதுதான. அதுதான் எனக்கு ஒசரம்."

அந்தப் பேச்சில்தான் வினை தொடங்கியது. பெண்களும் பொதிகை உச்சியான அகத்தியமலை ஏறலாம் என்று ஆனபிறகு, தம்பி மகனைப் பிடித்து இரண்டு பாஸ் வாங்கிவிட்டீர்கள். மொட்டைமாடியில் துணி காயப்போடும்போதே சுவரோரம் போகாதவள் நான். "பைய ஏறுவோம், நான் இருக்கேம்லா" என்றீர்கள். நம் பக்கத்திலிருந்து ஏற விடமாட்டார்கள். அதனால் நாகர்கோவில் போய், திருவனந்தபுரம் போய், மலையைச் சுற்றிக்கொண்டு அந்தப்பக்கம் போனோம். நம் வீட்டுக்குப் பின்வாசல் வழியாகப் போகிறோம் என்று பஸ்ஸில் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள்.

முதல் நாள் காட்டுக்குள் நடந்து முகாமில் தங்கினோம். மறுநாள் உச்சிக்கு ஏறினோம். கடைசிப் பாறையில் கயிற்றைப் பிடித்து ஏறும்போது என் உயிர் என்னிடம் இல்லை. மேலே போனதும் நீங்கள் என்னைக் கிழக்கே திருப்பி நிறுத்தினீர்கள். கீழே காரையாறு அணை, அதற்கப்பால் வெயிலில் வெள்ளையாக நம் சமவெளி. "அங்கன பாருங்க, நம்ம ஊரு" என்றீர்கள். நான் பார்க்கவில்லை டீச்சர். இதையும் இப்போதுதான் சொல்கிறேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு "ஆமா, தெரியுது" என்றேன்.

இறங்கும்போது எனக்காகவே நாம் பின்தங்கினோம். கயிற்றை விட என் கை மறுத்தது. ஒவ்வொரு விரலாக நீங்கள் பிரித்தீர்கள். பாறை முடிந்து மூங்கில் புதர்களுக்குள் வந்தபோது மேகம் இறங்கிவிட்டது. முன்னால் போனவர்களின் பேச்சுச் சத்தம் சிறிது நேரம் கேட்டது. பிறகு இல்லை. கால் போன தடத்தில் அரைமணி நேரம் நடந்த பிறகுதான், அது மனிதர்கள் போட்ட தடம் இல்லை என்று தெரிந்தது.

"இங்கனயே உக்காருவோம் டீச்சர். தேடி வருவாவ" என்றீர்கள். கேட்டிருக்கலாம். ஆனால் அந்த நேரம் பார்த்து மேகம் கிழிந்து உச்சிப் பாறை தெரிந்தது. எனக்குப் பயத்தில் அறிவு கூடிவிட்டது.

"மலை அன்னா இருக்கு. அப்ப அது மேற்கு. நாம கெழக்க, நம்ம பக்கம் எறங்கிட்டோம். இந்த ஓடை காரையாத்துக்குத்தான் போவும். இதப் புடிச்சே எறங்கிட்டா அணைக்குப் போயிரலாம்."

"நெசமாத்தானா?"

"நான் பாடம் எடுக்கது இதத்தான டீச்சர்."

இந்த மாதிரித் தப்பை மதுரைக்காரன் செய்யமாட்டான், மலையாளி செய்யமாட்டான். நம் தாமிரபரணிக் கரையில் பிறந்தவர்களுக்கு மட்டும் வாய்த்த தப்பு அது. நாம் பிறந்ததிலிருந்து மலை மேற்கேதான் நின்றது. ஆறு அங்கிருந்துதான் வந்தது. எனக்கு அது இன்னும் ஒரு படி மேலே. சின்ன வயதில் தொழக் கற்றுக்கொடுத்தபோது, "மலப்பக்கம் திரும்பி நில்லு, மக்கா இருக்க தெச, அதான் கிப்லா" என்று உம்மா என் தோளைப் பிடித்துத் திருப்பினார்கள். நாளைக்கு ஐந்து தடவை, நாற்பது வருஷத்துக்குமேல் மலையைப் பார்த்து நின்ற உடம்பு இது. மலைக்கு இன்னொரு பக்கம் உண்டு, அங்கே நின்றால் அதே மலை கிழக்கே இருக்கும் என்பதை வரைபடத்தில் நூறு தடவை நடத்தியிருக்கிறேன். உடம்புக்கு யார் நடத்துவது?

ஓடையைப் பிடித்து ஒரு மணி நேரத்துக்குமேல் இறங்கினோம். உங்கள் முழங்கையில் ரத்தம். என் ஷூவின் அடி பிய்ந்து துணியால் கட்டியிருந்தேன். அப்போதுதான் ஓடைக்கரையில் அந்த யானைச் சாணத்தைப் பார்த்தோம். குவியல் குவியலாகக் கிடந்தது, ஆவி பறந்தது. நாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. எங்கோ கீழே, அதிக தூரமில்லை, ஒரு கிளை முறிந்தது. பிறகு சத்தமே இல்லை.

பின்னால் ஏறவும் தெம்பில்லை, முன்னால் இறங்கவும் துணிவில்லை. மேகம் முழுக்க விலகி வெயில் அடித்தது. சாயங்காலத் தொழுகையின் அஸர் நேரம் வந்திருந்தது. செத்துப்போவோம் என்று எனக்குச் சந்தேகமே இல்லை, அதனால் தொழுதுவிடலாம் என்று தோன்றியது. ஓடைத் தண்ணீரில் கை முகம் கால் கழுவி ஒளு செய்தபோது பல் கிட்டியது. உச்சிப் பாறையைப் பார்த்துத் திரும்பி நின்று கை கட்டினேன். நீங்கள் ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் காவல் நின்றீர்கள். யானை வந்தால் அந்தக் குச்சியை வைத்து அதற்குக் கணக்கு நடத்தியிருப்பீர்கள்.

நான் சலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கும்வரை பொறுத்திருந்தீர்கள். பிறகு மிக மெதுவாக, பரீட்சை ஹாலில் பேசுவதுபோலப் பேசினீர்கள்.

"டீச்சர், பதறாதிய. இருவது வருஷமா ஸ்டாஃப் ரூம் வராந்தால நீங்க அஸர் தொழுததப் பாத்திருக்கேன். உங்க நெழல் பின்னால உக்காந்திருக்க என் நோட்டுக் கட்டு மேலதான் விழும். இங்க உங்க முன்னால விழுந்து கெடக்கு."

நான் கீழே பார்த்தேன். நெற்றி வைத்த இடத்தில் என் நிழல் நீளமாகக் கிடந்தது.

"சாயங்கால வெயில் உங்க முதுகுல அடிக்கு" என்றீர்கள். "அப்பம் நீங்க பாத்து நிக்கது கெழக்கு. மலை கெழக்க இருக்கு. இது நம்ம ஆத்துக்குப் போற தண்ணி இல்ல."

இறங்க இறங்க வீடு பக்கத்தில் வருகிறது என்று நான் உங்களைக் கூட்டிப் போனது, நம் ஊரும் நம் அணையும் இல்லாத கேரளப்பக்கக் காட்டின் நடுவுக்கு. நான் ஓவென்று அழுதேன். தப்பான பக்கம் தொழுதுவிட்டேனே என்று வேறு அழுதேன். "ஆண்டவருக்கு எல்லாப் பக்கமும் தெரியும், மொதல்ல எந்திரிங்க" என்று என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினீர்கள். ஓடையை ஒட்டியே திரும்ப ஏறினோம். பொழுது சாய்வதற்குள் மேலே விசில் சத்தம் கேட்டது. வழிகாட்டிக்குக் கோபம், மலையாளத்தில் திட்டினார். அவ்வளவு இனிமையான வசவை நான் அதுவரை கேட்டதில்லை.

திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். ஜியாக்ரபி டீச்சர் கூட இருந்துமா வழி தப்பினீர்கள் என்று ஒருவர் சிரிக்கத் தொடங்கியதுதான் தாமதம், என் முகம் போன போக்கை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். "நாந்தான் பூவப் படம் எடுக்கேன்னு ஒதுங்குனேன். இவங்க தெச பாத்துச் சொல்லலன்னா நான் இங்க நிக்கமாட்டேன்" என்றீர்கள். காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் பிள்ளைகள் எனக்குக் கைதட்டினார்கள். நானும் வாங்கிக்கொண்டேன். என்றைக்காவது உங்களிடம் இதைப் பேசி, எல்லாரிடமும் உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்றிருந்தேன். நெஞ்சுவலி என்று உங்களைக் கொண்டுபோனார்கள் என்ற செய்தியும் முடிந்துவிட்டது என்ற செய்தியும் ஒரே மணி நேரத்தில் வந்தன.

இன்று சாயங்காலம் ஜெபா வந்தாள். டீ போட்டுக் கொடுத்தேன். அவள் ஒரு வாய் குடிப்பதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நிறுத்தினால் மறுபடி தொடங்கமாட்டேன் என்று எனக்குத் தெரியும். மேகம், ஓடை, நான் காட்டிய கை, சாணம், நிழல், ஸ்டாஃப் ரூம் எல்லாம் சொன்னேன். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அப்பம் அம்மா பொய்யா சொன்னாவ?"

ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"ஆன்ட்டி, பத்தாங்கிளாஸ்ல எனக்கு ஒரு மார்க்கு கூடப் போட்டுட்டாவன்னு, அம்மாவே பேப்பரத் தூக்கிட்டுப் போயி அதக் கொறைக்கச் சொன்னாவ தெரியுமா? கடன் குடுத்தவன் வந்தா அப்பா 'நான் வீட்ல இல்லன்னு சொல்லு'ம்பாவ, அம்மா அதுக்கும் மாட்டாவ." அவள் கண் நிறைந்துவிட்டது. உங்களைப் போலவே துடைக்காமல் பேசினாள். "எங்க யாருக்காவவும் ஒரு பொய் சொன்னதில்ல. உங்களுக்குத்தான் சொல்லியிருக்காவ."

டீ ஆறிப்போனது. போகும்போது வாசலில் நின்று, "அப்பம் வியாழக்கிழமை?" என்றாள். வருகிறேன், ஆனால் வழி காட்டமாட்டேன், உனக்குப் பின்னால்தான் நடப்பேன் என்றேன். "சரி, பின்னால வாங்க. விட்டுட்டுப் போமாட்டேன்" என்றாள்.

பயம் கொஞ்சமும் குறையவில்லை டீச்சர். பாபநாசம் பஸ்ஸில் ஏறி, ஜன்னலில் மலை பெரிதாகிக்கொண்டே வந்தால் இன்றைக்கும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன். அந்தக் கயிற்றை நினைத்தால் இப்போதே விரல் மடங்குகிறது. இந்தமுறை அந்த விரல்களைப் பிரிக்க நீங்கள் இருக்கமாட்டீர்கள். ஆனாலும் உச்சிக்குப் போனால் கண்ணைத் திறந்து கிழக்கே பார்க்கவேண்டும். உங்கள் வாழ்நாளின் ஒரே பொய் என்னிடம் இருக்கிறது. அதைச் சுமந்துகொண்டு மேலே போய்விட்டு, நம் ஊர் தெரிகிறது என்று மறுபடியும் ஒரு பொய்யை உங்கள் பிள்ளையிடம் என்னால் சொல்லமுடியாது.