போனில் நீ காட்டாத சொல்

என் கோமதிக்கு,

இந்த ஊரில் கோமதி என்று மட்டும் எழுதினால் எந்தக் கோமதி என்று கேட்பார்கள். பஸ் ஸ்டாண்டில் நின்று ஒரு தடவை கூப்பிட்டால் பாதிப் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அம்பாள் பேர் ஆயிற்றே. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். விசைத்தறி ஓட்டின கோமதி. கல்யாணமான நாளிலிருந்து என்னைக் கேலி செய்துகொண்டே இருந்த கோமதி. நம் பாப்பாவுக்கு இரண்டு வயது முடியும் முன்பே காய்ச்சலில் போய்விட்ட கோமதி. உனக்குத்தான் எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டாய், தெரியுமா? காய்ச்சல் வருவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை போனில் நாம் பேசியது எனக்கு அப்படியே இருக்கிறது.

"ஏங்க, உங்க மக பேச ஆரம்பிச்சிட்டா."

"என்ன சொல்லுதா? அப்பாவா, அம்மாவா?"

"அதெல்லாம் இல்ல. வேற ஒண்ணு."

"போனை அவகிட்ட குடு. கேப்போம்."

"போன்லலாம் காட்ட மாட்டேன். லீவு போட்டுட்டு வந்து பாத்துக்கிடுங்க."

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாய். நானும் என்ன சொல்லாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே தூங்கிப் போனேன்.

கடைசியில் நான் லீவு போட்டு வரவில்லை. உன் தம்பி முருகன் போன் செய்து, "அத்தான், உடனே வாங்க" என்று மட்டும் சொன்னான். வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பாப்பா முருகன் மனைவி செல்வியின் இடுப்பில் இருந்தாள். என்னைப் பார்த்தாள், செல்வி கையிலிருந்த போனைப் பார்த்தாள், மறுபடியும் என்னைப் பார்த்தாள். போனுக்குள் இருக்க வேண்டிய ஆள் வெளியே வந்து நிற்கிறானே என்று நினைத்திருப்பாள். முகத்தைச் செல்வியின் தோளில் புதைத்துக்கொண்டாள்.

வளைகுடாவில் ஒரு விலங்குக் காட்சிசாலையில் சிம்பன்சிகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நான் கௌரவமாகச் சொல்வேன். நீ அதைக் 'குரங்கு ஆபீஸ்' என்பாய். வெள்ளிக்கிழமை போன் செய்தால் உன் முதல் கேள்வி, "ஜமீலா எப்படி இருக்கா? பப்லு என்ன செய்யுதான்?" நான் எப்படி இருக்கிறேன் என்பது அதற்கு அப்புறம்தான். ஜமீலாவையும் அவள் குட்டி பப்லுவையும் நேரில் பார்க்காமலே உனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

பப்லு கதையை நீ எத்தனை தரம் கேட்டிருப்பாய். தாயின் மடிக்குள் நுழைய வேண்டுமென்றால் முதலில் அவன் ஜமீலாவின் கையைத் தள்ளித் தூக்குவான். போகப் போகத் தள்ள வேண்டியதே இல்லை என்று ஆகிவிட்டது. முழங்கையில் லேசாகத் தட்டுவான், அவள் கையைத் தூக்கி இடம் விடுவாள். அந்த இரண்டு பேரும் தங்களுக்குள் உண்டாக்கிக்கொண்ட பாஷை அது. அங்கே இருந்த மற்றக் குட்டிகள் வேறு மாதிரி கேட்கும்.

ஜமீலாவுக்குப் பல் வைத்தியம் நடந்தபோது பப்லுவை லைலா என்கிற இன்னொரு பெண் சிம்பன்சியோடு விட்டோம். அவன் போய் அவள் முழங்கையையும் தட்டினான். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேன் பார்க்கச் சொல்கிறானோ என்று அவன் தலையைக் கிளறினாள். அவன் கத்தித் தீர்த்துவிட்டான். இதைச் சொன்னபோது நீ கேட்டாய்:

"பொறவு எப்பிடித்தான் லைலாவுக்குப் புரிஞ்சுது?"

"அவன் விடாம தட்டுனான். அவ எதைச் செஞ்சா இவன் நிறுத்துதான்னு விடாம பாத்தா. அவ்வளவுதான்."

"குரங்கு பாஷையெல்லாம் நல்லா விளங்குது உங்களுக்கு. நான் கம்மல் கேட்டா மட்டும் லைன் கட் ஆயிருது."

நீ போன பிறகும் இந்தப் பேச்சை நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வருகிறது.

சரி, பாப்பாவிடம் வருகிறேன். கொஞ்ச நாளில் அவளாகவே என் பக்கம் வர ஆரம்பித்தாள். கிட்டத்தில் வர மாட்டாள்; கை எட்டாத தூரத்தில் வந்து நிற்பாள். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் நெஞ்சுக்கு நேரே நுனியோடு நுனி சேர்ப்பாள். பிறகு வெடுக்கென்று பிரிப்பாள். பிரித்துவிட்டு என் முகத்தையே பார்ப்பாள். நான் புரியாமல் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மறுபடியும் செய்வாள். அப்புறம் உதடு பிதுங்கும், அழுகை வரும், செல்வியைத் தேடி ஓடிவிடுவாள்.

எதையோ பிய்த்துத் தரச் சொல்கிறாள் என்று முதலில் நினைத்தேன். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்தேன். தோசையைப் பிய்த்துக் கொடுத்தேன். வாழைப்பழத்தை உரித்து நீட்டினேன், அதைத் தட்டிவிட்டாள். செல்விக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்கும்.

"அண்ணே, தப்பா எடுத்துக்கிடாதீய. அவ உங்ககூட காய் விடுதா."

"காயா?"

"பள்ளிக்கூடத்துப் பிள்ளையள்லாம் விரலைச் சேத்து வெட்டிவிடும்லா, அது மாதிரி. பக்கத்து வீட்டுப் பிள்ளையளப் பாத்துப் படிச்சிருப்பா. அக்கா போட்டோகிட்டயும் போயி அப்பிடித்தான் செய்யுதா. விட்டுட்டுப் போயிட்டால்லா, கோவம் இருக்கும்."

அது உண்மைதான். தினம் சாயங்காலம் விளக்கேற்றினதும் பாப்பா உன் படத்துக்கு முன்னால் போய் நிற்பாள். அண்ணாந்து பார்த்து, விரலைச் சேர்த்துப் பிரிப்பாள். படம் என்ன செய்யும்? கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள்.

செல்வி சொன்னதை நான் நம்பினேன், கோமதி. நம்பாமல் என்ன செய்ய? பிறந்ததிலிருந்து போன் கண்ணாடிக்குள் தெரிந்த ஆள் நான். திடீரென்று வந்து நின்றால் உனக்கும் எனக்கும் ஒட்டில்லை என்று பிள்ளை சொல்லத்தானே செய்யும்? எனக்குக் கோபமும் வந்தது. யார்மேல் என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை. திரும்பிப் போக டிக்கெட் போட்டேன். பாப்பா ராயகிரியில் முருகன் வீட்டில் வளரட்டும், செல்வி கையில் நன்றாக இருப்பாள், நான் போனுக்குள்ளேயே இருந்துகொள்கிறேன் என்று முடிவு செய்தேன். செல்வி பாப்பாவின் துணிகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

வளைகுடாவுக்குக் கிளம்பும் முன்னால் நீ வேலை பார்த்த தறி செட்டுக்குப் போனேன். உன் டிபன் பாக்ஸும் பாப்பாவுக்குத் தொட்டில் கட்டின சேலையும் அங்கேயே கிடப்பதாகச் சொன்னார்கள். முருகன் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கூட வந்தான். தெருமுனையில் தறிச் சத்தம் கேட்டதுமே அவள் காலை உதைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். வீட்டில் அந்த மாதிரி முகத்தோடு அவளை நான் பார்த்ததே இல்லை.

உள்ளே நுழைந்தால் காது அடைத்துவிட்டது. இதற்குள் நின்றா வருஷக்கணக்காக வேலை பார்த்தாய்? முருகன் என் காதுக்குள் கத்தினதே எனக்குப் பாதிதான் கேட்டது. உன் தறியில் இப்போது வேறொரு பெண் நிற்கிறாள். உன் சேக்காளி வேலம்மாள் இந்தப் பக்கத்துத் தறியில் இருந்தாள். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், கிட்ட வரக் கிளம்பினாள், அதற்குள் அவள் தறியில் ஒரு இழை அறுந்துவிட்டது. தறியை நிறுத்தினாள். அடுத்த வரிசைப் பெண்ணைப் பார்த்து இரண்டு விரல்களையும் நுனியோடு நுனி சேர்த்தாள். வெடுக்கென்று பிரித்தாள்.

திரும்பிப் பாப்பாவைப் பார்த்தேன். அவள் முருகன் இடுப்பிலிருந்தபடி இரண்டு கைகளையும் மேலே தூக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். வேலம்மாளை அவள் பார்க்கவில்லை. உன் தறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலம்மாள் முடிச்சுப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். கேட்டேன்.

"அதுவா அண்ணாச்சி? இழை அந்துபோச்சு, நான் முடிச்சுப் போடுத வரைக்கும் என்னோட இன்னொரு தறியையும் சேத்துப் பாத்துக்கோன்னு அர்த்தம். இந்தச் சத்தத்துல வாயால சொன்னா யாருக்குக் கேக்கும்?"

"பாப்பா அதைச் செய்யுதாளே."

"செய்யாம? இழை அறுந்தா தறி நிக்கும். தறி நின்னா உங்க வீட்டுக்காரி முடிச்சைப் போட்டுட்டு ஓடிப்போயிப் பிள்ளையத் தூக்கிருவா. தொட்டில் அந்தா அங்கன, வாசல்ல கெடக்கும். வாரேன்னு தூரத்துல இருந்தே விரலைக் காட்டுவா, இவ ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நிப்பா. பொறவு பொறவு இவளே விரலைக் காட்டிக் கூப்பிட ஆரம்பிச்சிட்டா."

"இழை அறாத நாளும் உண்டும்லா?"

வேலம்மாள் சிரித்துவிட்டாள். "அன்னைக்கும் காட்டிட்டுப் போயிருவா. எந்த இழை அந்துச்சுன்னு முதலாளி வந்து தேடிக்கிட்டு நிப்பாரு. கள்ளி அவ."

அப்போதுதான் எனக்கு உன் போன் பேச்சு விளங்கியது. சொல்ல மாட்டேன் என்று நீ சொல்லவில்லை. காட்ட மாட்டேன் என்றுதான் சொன்னாய். நம் மகளின் முதல் சொல் வாயில் வரவில்லை, விரலில் வந்திருக்கிறது. அதற்கு அர்த்தம் 'என்னைத் தூக்கு'.

கை எட்டாத தூரத்தில் நின்று அவள் தினமும் என்னிடம் கேட்டது அதைத்தான். நான் பிஸ்கட்டை நீட்டியிருக்கிறேன். உன் படத்துக்கு முன்னால் நின்று கேட்டதும் அதைத்தான். லைலா செய்ததை நானும் செய்திருக்கலாமே, எதைச் செய்தால் இவள் கேட்பதை நிறுத்துகிறாள் என்று பொறுமையாகப் பார்த்திருக்கலாமே? அங்கே அதைத்தானே சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தேன்?

செட் வாசலில் நின்றபடியே முருகனிடம் பாப்பாவை இறக்கிவிடச் சொன்னேன். நான்கு எட்டு பின்னால் போய் நின்றேன். நீ நிற்பதுபோல நின்று, இரண்டு விரல்களையும் சேர்த்தேன், பிரித்தேன். அவள் என் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். யோசித்தாள். அப்புறம் மெதுவாக இரண்டு கைகளையும் தூக்கினாள்.

ஓடிப்போய்த் தூக்கினேன், கோமதி. என் மகளை நான் முதல்முதலாகத் தூக்கினது உன் தறி செட் வாசலில்தான். அவளுக்கு அவ்வளவு கனம் இருக்கும் என்று போனில் தெரியவே இல்லை. முருகன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். செல்விக்கு முகம் வாடித்தான் போனது. பையில் வைத்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி கொடியில் போட்டாள். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பிள்ளைய ராயகிரிக்குக் கொண்டாந்திரணும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கொண்டுபோகிறேன். இப்போது நான் தறிகளுக்கு நூல் ஏற்றிப்போகும் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். நான் ஓட்டப் போகும் நேரத்தில் பாப்பாவை வேலம்மாளின் மாமியார் பார்த்துக்கொள்கிறார். குரங்கு மேய்க்கப் போனவன் நூல் மூட்டை சுமக்க வந்துவிட்டான் என்று தெருவில் சொல்கிறார்கள். நீ இருந்தால் நீதான் முதலில் சொல்லியிருப்பாய்.

நேற்று சாயங்காலம் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். விளக்கேற்றினதும் வழக்கம்போல உன் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். இன்றைக்கும் உன்னிடம் கேட்கப்போகிறாள், நீ வரப்போவதில்லை என்று நினைத்தேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரும்பி, என்னைப் பார்த்து விரலைச் சேர்த்துப் பிரித்தாள். போய்த் தூக்கினேன். என் தோளில் இருந்தபடி ஒற்றை விரலை உன் படத்தை நோக்கி நீட்டினாள். நீட்டிவிட்டுப் படத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.

ஜமீலாவும் பப்லுவும் கை நீட்டுவார்கள். பழம் வேண்டும், மடி வேண்டும், முதுகைச் சொறி, இப்படி ஏதாவது ஒன்றைக் கேட்பதற்கு நீட்டுவார்கள். ஒன்றும் வேண்டாமல், நான் பார்த்ததை நீயும் பார் என்பதற்காக மட்டும் விரல் நீட்டின சிம்பன்சியை அங்கே இருந்த காலத்தில் நான் கண்டதில்லை. மனுஷப் பிள்ளைதான் நிலாவைக் காட்டும், பஸ்ஸைக் காட்டும், எறும்பைக் காட்டும்.

நேற்று அவள் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, கோமதி. உன்னை எனக்குக் காட்டினாள்.

"ஆமா மக்கா, பாத்துட்டேன்" என்றேன். விரலை மடக்கிக்கொண்டு தோளில் சாய்ந்துவிட்டாள்.

இனி வாய்ப்பேச்சு வந்துவிடும். 'ப்பா' மாதிரி ஏதோ ஒன்று உதட்டில் வருகிறது, எனக்கா பருப்புச் சோற்றுக்கா என்று தெரியவில்லை. பேச்சு வந்ததும் இந்த விரல் பாஷையை அவள் மறந்துவிடுவாள். மறக்கட்டும். நான் மறக்க மாட்டேன். நாளைக்கு வளர்ந்து, என்மேல் கோபித்துக்கொண்டு ஒரு மூலையில் போய் நிற்பாள் அல்லவா, அன்றைக்கு நான்கு எட்டு தள்ளி நின்று இரண்டு விரல்களைச் சேர்த்துப் பிரிப்பேன். 'உன் அம்மாவிடமிருந்து தெரிந்துகொண்டது' என்று அவளிடம் சொல்வேன். இழை அறாத நாளிலும் போவேன்.

இப்படிக்கு,
விரலால் கூப்பிட்டால் வருகிற அப்பா,
உன் வீட்டுக்காரன் சங்கர்.